நடுவர் மேசையில் ஒரு கிண்ணம் கம்பு

கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சி நடத்தும் சங்கத்தாருக்கும், அங்கே மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும்,

வணக்கம். நான் வேடசந்தூர்ப் பக்கத்தில் கோழி வளர்ப்பவள். உங்களில் பலருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைபவர் அவர். பெட்டைகளுக்குத் தண்ணீர் மாற்றுவது, முட்டையில் பென்சிலால் தேதி போடுவது, அடை வைப்பது, குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் கொடுக்காமல் காப்பது எல்லாம் என் வேலை. 22 ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இதுதான் பங்கு. கோப்பை அவர் பெயரில் வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் கோப்பை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதில்தான் வருத்தம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்கு நானும் வந்திருந்தேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். பரிசளிப்பு முடிந்து பந்தல் பிரிக்கும் நேரத்தில், முதல் பரிசு வாங்கிய சேவலுக்கு அதன் உடையவர் கேழ்வரகு மாவை உருட்டி வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். ஏதோ செல்லம் என்று நினைத்தேன். பக்கத்துக் கூண்டுக்காரர் சிந்திய கம்பு தரையில் கிடந்தது. சேவல் இறங்கிப்போய்க் கொத்தியது. மேல்மூக்கு கொக்கிபோல வளைந்து கீழ்மூக்கைத் தாண்டி இறங்கியிருந்ததால், நுனி தரையில் முட்டியது. மணி பக்கவாட்டில் நழுவி ஓடியது. அது தலையைச் சாய்த்து, கன்னம் தரையில் படும்படி வைத்து அள்ளப் பார்த்தது. எண்ணிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பத்துக் கொத்தில் மூன்று மணிதான் உள்ளே போயிற்று.

கண் வெள்ளை, கழுத்து நீளம், நின்ற நிலை, தரையைத் தொடும் வால் என்று எதிலும் அந்தச் சேவலைக் குறை சொல்ல முடியாது. பார்க்கப் பார்க்க அலுக்காத அழகு. அதை வளர்த்தவர்மீதும் எனக்குக் கோபம் இல்லை. மூக்கு வளைய வளைய மதிப்பெண் ஏறும் என்று நாம்தானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தோம்?

நாம் என்று சொல்வதற்குக் காரணம், அந்தத் தவற்றை என் வீட்டிலும் செய்திருக்கிறோம். ஒரு காலத்தில் எங்களிடம் நல்ல கீரி நிறச் சேவல் ஒன்று இருந்தது. இரண்டு இடத்தில் பரிசு வாங்கியது. அதன் மூக்கும் வாலும் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று அதன் மகள்களையே அதனோடு சேர்த்தோம். பிறகு அதில் வந்த பேத்திகளையும். மூன்றாம் தலைமுறையில் மூக்கு உண்மையிலேயே நன்றாக வந்தது. படம் பார்த்தவர்கள் முட்டைக்கே முன்பணம் கொடுத்தார்கள்.

என் பள்ளிக்கூட நோட்டு வேறு கதை சொன்னது. முன்பெல்லாம் 12 முட்டை வைத்தால் 9 பொரிக்கும், கெட்ட பருவத்தில் 7. அந்த மூன்றாம் தலைமுறையில் 12-க்கு 4. ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பார்ப்பேன். உயிர் பிடித்த முட்டை என்றால் உள்ளே சிலந்திபோல ரத்த நாளம் விரிந்திருக்கும். வெறும் முட்டை விளக்குக் கண்ணாடி மாதிரி ஒளிரும். சிலவற்றில் ஒரு செந்நிற வளையம் மட்டும் தெரியும். பிடித்த உயிர் இரண்டு மூன்று நாளில் போய்விட்டது என்று பொருள். அந்த ஆண்டு நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் வளையம்தான். மிச்சம் இருந்ததிலும் 21 நாள் தாண்டியும் விரியாத முட்டையை உடைத்துப் பார்த்தால், இறகு முளைத்து, கால் மடக்கி, முழுக் குஞ்சாகவே செத்துக் கிடந்தது. ஓட்டை உடைப்பதற்கென்று மூக்கு நுனியில் வைத்திருக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி தேயாமல் அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் அடைக்கோழியைக் குறை சொன்னார். கனத்த பெட்டை, முட்டையை நசுக்குகிறது என்றார். அதிலும் உண்மை உண்டு. அதனால்தான் நம்மில் பாதிப்பேர் உடம்பு சிறுத்த சிறுவிடைக் கோழியைச் செவிலித்தாயாக வைத்திருக்கிறோம். நானும் முட்டைகளைச் சிறுவிடைக்கு மாற்றி வைத்துப் பார்த்தேன். செத்த குஞ்சு செத்ததுதான். பிறகு இன்குபேட்டர் வாங்கினார். அதிலும் அதே நாலு. குறை அடையில் இல்லை, உறவுக்குள்ளேயே சேர்த்ததில்தான்.

கோழி வளர்ப்புப் பயிற்சி ஒன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன். பெரிய கணக்கு இல்லை. ஒரு சேவலோடு 10 பெட்டை வைத்திருந்தால் நம்மிடம் 11 கோழி இருப்பதாக நினைக்கிறோம். மரபுக் கணக்கு அப்படி ஓடாது. சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை 4 ஆல் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுக்க வேண்டும். 40 ஐ 11 ஆல் வகுத்தால் 3.6. அதாவது, 11 கோழி வைத்திருப்பவர் உண்மையில் நாலு கோழி கூட வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ளினக்கலப்பு, அதாவது உறவுக்குள்ளேயே சேர்வது, ஏறக்குறைய 14 சதவீதம் ஏறும். அதுவே 5 சேவலும் 25 பெட்டையும் என்றால் கணக்கு 16.7 ஆகிறது, ஏற்றம் 3 சதவீதமாக இறங்கிவிடுகிறது. தகப்பனை மகளோடு சேர்த்தாலோ ஒரே தலைமுறையில் 25 சதவீதம்.

இதில் கண்காட்சிக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். முதல் பரிசு வாங்கிய சேவலின் முட்டையும் குஞ்சும் அடுத்த ஆறு மாதத்தில் திண்டுக்கல், கரூர், மதுரை, திருநெல்வேலி என்று எங்கும் போய்விடுகின்றன. அதன் மகன் அடுத்த ஆண்டு பரிசு வாங்குகிறது. ஐந்து மாவட்டத்தில் ஐம்பது வீட்டில் கோழி இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் தாத்தா ஒன்றுதான். "வெளி ரத்தம்" வாங்குகிறோம் என்று நூறு கிலோமீட்டர் போய் வாங்கி வருவது சித்தப்பா மகளைத்தான். அந்த ஒற்றைத் தாத்தாவை யார் தேர்ந்தெடுத்தது? கோபிக்காதீர்கள், நடுவர்தான்.

முன்பு இந்தத் தேர்வை வேறொன்று செய்தது. பழைய காலத்தில் இந்தக் கோழிகளின் முன்னோர்களைச் சேவற்கட்டுக் களம் தேர்ந்தெடுத்தது. மூச்சு இரைக்கும் சேவல், கால் வளைந்த சேவல், தீனி எடுக்காத சேவல் களத்தைத் தாண்டி வந்து பெட்டையைச் சேர்ந்ததில்லை. நான் சேவற்கட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றம் என்று சொல்கிறது, சொல்வது சரி. ஆனால் களம் போன பிறகு, அது கழித்துக் கட்டியவற்றைக் கழிக்கும் பொறுப்பு யாரிடம் வந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நம் கோழி அழகுக்கோழியாகிவிட்டது. அழகுக்கோழிக்கு எமனும் பிரம்மாவும் மதிப்பெண் தாள்தான்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. வெள்ளை முகக் கறுப்பு ஸ்பானியக் கோழி என்று ஒன்று இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய வெள்ளை முட்டைகளுக்குப் பேர்போன கோழி அது. உடம்பெல்லாம் கறுப்பு, முகம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. கண்காட்சிக்காரர்களுக்கு அந்த முகம் பிடித்துப்போயிற்று. வெள்ளைத் தோல் பெரிதாகப் பெரிதாகப் பரிசு. வளர்ப்பவர்களும் முகத்தைப் பார்த்தே சோடி சேர்த்தார்கள். முகம் தொங்கும் அளவுக்கு வளர்ந்தது, கோழி நலிந்தது, குஞ்சுகள் தாங்கவில்லை. பண்ணைக்காரர்கள் வேறு இனத்துக்குப் போய்விட்டார்கள். இன்று அது அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்கு முகம், நமக்கு மூக்கு.

இப்போது பெட்டைக்கு வருகிறேன். பல கண்காட்சிகளில் பெட்டைக்கு வகுப்பே இல்லை. இருக்கும் இடத்திலும் அது மதியச் சாப்பாட்டுக்கு முன் அவசரமாக முடியும் சடங்கு. விசிறிவால் பெட்டையில் வெளியே தெரியாது, அரிவாள்போல் வளையும் அந்த நீண்ட இறகுகள் சேவலுக்கு மட்டுமே வரும், பெட்டையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். வால் தெரியாது, ஆனால் அவள் அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள். சேவலின் உடம்பில் பாதி தாய் கொடுத்தது. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கோழியில் சேவலுக்கு இசட் என்னும் குரோமோசோம் இரண்டு. பெட்டைக்கு ஒன்றுதான், இன்னொன்று டபிள்யூ. பெட்டையிடம் இருக்கும் அந்த ஒரே இசட் மகன்களுக்கு மட்டுமே போகிறது, மகள்களுக்குப் போவதில்லை. சேவலில் மட்டுமே வெளிப்படும் குணங்களில் அந்தக் குரோமோசோமில் அவளுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவள் பெற்ற சேவல்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். நீங்கள் கோப்பை கொடுக்கும் சேவலின் தாயை ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா?

கொண்டையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், இடத்துக்குப் பொருந்தாவிட்டாலும். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட மரபு விதி விலங்குக்கும் பொருந்தும் என்று 1902 இல் ஆங்கிலேய அறிஞர் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிக் கொண்டைகளை வைத்துத்தான். நம் கோழியும் சேர்ந்த ஆசில் என்னும் சண்டைக்கோழி வகையின் தலையில் மூன்று வரிசை மேடாகப் படிந்திருக்கும் பட்டாணிக் கொண்டையும் அந்த ஆய்வில் உண்டு. உலகத்துக்கு மரபியல் பாடம் எடுத்த கோழியை வைத்துக்கொண்டு, நாம் தாய் யார் என்று எழுதி வைக்காமல் இருக்கிறோம்.

சேவல் மோகம் நமக்கு இன்று வந்ததில்லை என்பதும் தெரியும். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் கிடைத்த நடுகல்லில் ஒரு சேவலைச் செதுக்கி, பக்கத்தில் எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். வீரனுக்கு நடும் கல்லைக் கோழிக்கு நட்ட ஊர் அது. படத்தைப் பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அந்தச் சேவலைப் பெற்ற பெட்டைக்குக் கல் கிடையாது என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. என் குணம் அப்படி, என்ன செய்வது.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நடுவர் மேசையில் ஒரு கிண்ணம் கம்பு வையுங்கள். சேவலை நிறுத்தி, அளந்து, வாலை விரித்துப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பிடி கம்பைத் தரையில் இறையுங்கள். இரண்டு நிமிடம் போதும். கொத்தித் தின்னத் தெரியாத சேவலுக்கு மூக்கில் எத்தனை மதிப்பெண் கொடுத்தாலும் பரிசு இல்லை என்று அறிவியுங்கள். மூக்கு வளைந்திருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளியின் மூக்கும் வளைந்துதான் இருக்கிறது. கிளி அதைக் கொண்டு கொட்டையையே உடைக்கிறது. வளைவு எந்த இடத்தில் அழகாக இருப்பதை விட்டுவிட்டு ஊனமாகிறது என்பதை அளவுகோல் சொல்லாது, கம்பு சொல்லும்.

இரண்டாவது, தாய் வகுப்பு. ஒரு பெட்டை, அவள் பெற்ற மூன்று பிள்ளைகள், அதில் ஒன்றாவது சேவல், எல்லாம் ஆறு மாதம் கடந்தவை. நான்கையும் ஒரே கூண்டு வரிசையில் நிறுத்தி ஒன்றாக மதிப்பிடுங்கள். கூடவே ஒரு தாள்: அந்த ஈட்டில், அதாவது அந்த ஒரு அடையில், எத்தனை முட்டை வைத்தது, ஏழாம் நாள் எத்தனை உயிர் பிடித்திருந்தது, எத்தனை பொரித்தது, எட்டு வாரத்தில் எத்தனை மிஞ்சியது. இந்த நான்கு எண்ணுக்கு நூற்றில் முப்பதாவது ஒதுக்குங்கள். மற்ற எழுபதை மூக்கு, கண், வால், கால் என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் பொய் எழுதுவார்களே என்பீர்கள். எழுதுவார்கள். சேவலின் வயதைக் குறைத்துச் சொல்வதும் நடக்கத்தான் செய்கிறது, அதற்காக வயது வகுப்பை எடுத்துவிட்டோமா? தாளில் பொய் எழுதலாம். ஒரே தாயின் மூன்று பிள்ளைகள் ஒரே சாயலில், கால் நேராக, மார்பு அகன்று வந்து நிற்பதைப் பொய்யாக நிறுத்துவது கடினம். மேலும், குஞ்சு பொரித்த அன்றே கால்விரல்களுக்கு இடையில் இருக்கும் சவ்வில் சின்னத் துளை போட்டு அடையாளம் வைக்கலாம். இரண்டு காலிலும் சேர்த்து நாலு சவ்வு, அதில் துளை இருப்பதும் இல்லாததுமாக 16 விதமான அடையாளம் கிடைக்கும். பதினாறு தாய்க்கு அது போதும். எங்கள் வீட்டில் பதினாறு பெட்டைக்குக் கூடு கட்ட இடமே இல்லை.

மூன்றாவது கேட்பது கொஞ்சம் பெரியது. பரிசு தனி ஆளுக்குப் போவதால் ஒவ்வொருவரும் தன் கூட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கிறோம். மூன்று வீடு சேர்ந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். என் வீட்டுக் கோழிக்குச் சிவப்பு வளையம், என் நாத்தனார் வீட்டுக் கோழிக்கு மஞ்சள், தெருக்கோடி அண்ணன் வீட்டுக்குப் பச்சை. பெட்டைக்குஞ்சு பிறந்த வீட்டிலேயே, தாயின் நிறத்திலேயே தங்கும். சேவல் மட்டும் இடம் மாறும்: சிவப்பில் பிறந்தது மஞ்சளுக்கு, மஞ்சளில் பிறந்தது பச்சைக்கு, பச்சையில் பிறந்தது சிவப்புக்கு. எப்போதும் ஒரே திசை. அண்ணன் தங்கை சேர்வது தானாகவே நின்றுவிடும். மூன்று வீட்டிலும் தொடக்கத்தில் உறவில்லாத கோழியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் இதைத் தொடங்கி ஐந்து ஆண்டு ஆகிறது. இப்படிச் சேர்ந்து வளர்க்கும் குழுக்களுக்குக் குழுவாகவே ஒரு பரிசு வையுங்கள். சேவலைப் பூட்டி வைப்பவனுக்கு அல்ல, கொடுத்து வாங்குபவனுக்கு மேடையில் ஒரு மரியாதை கிடைக்கட்டும்.

எங்கள் நோட்டு இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு: போன தை முதல் வைத்த ஈடுகளில் 12-க்கு 8. மூக்கு? கீரிச் சேவல் காலத்து மூக்கு இன்னும் வரவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன். வளைவு கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. வால் குறையவில்லை. மூக்கை மறுபடி கொண்டுவர இன்னும் மூன்று நான்கு தலைமுறை ஆகலாம். ஆனால் இந்தமுறை தேர்ந்தெடுப்பதற்குக் குஞ்சு இருக்கிறது. நாலு குஞ்சில் எதைக் கழிப்பது, எதை வைப்பது? எட்டு என்றால் நாலைக் கழித்துவிட்டு நல்லதை நிறுத்தலாம். இனத்தை மேம்படுத்துவது என்றால் கழிப்பதற்கு மிச்சம் இருக்க வேண்டும் என்று இப்போதுதான் எனக்கே விளங்குகிறது.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டதற்குச் சீட்டு இல்லாத கோழியைப் பந்தலுக்குள் விடாதீர்கள் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை; எல்லோரும் சொல்வதுதான், ஒருவரும் செய்வதில்லை. எட்டாம் வாரத்தில் போட வேண்டிய ஊசியைப் போடாத கோழிகள் முந்நூறைக் கூட்டி ஒரே பந்தலில் நிறுத்துவது எப்படிப்பட்ட யோசனை என்று நீங்களே சொல்லுங்கள்.

மேடையில் பேசுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் நம் கோழிக்குத் தனி இனம் என்ற அங்கீகாரம் வேண்டும் என்கிறார்கள். கைதட்டுகிறோம். நாட்டுக் கால்நடை, கோழி இனங்களைப் பதிவு செய்வது ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம். அங்குள்ள பதிவில் ஆசில் கோழிக்குத் தாயகமாக ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர் என்றுதான் இருக்கிறது. ஒரு கோழியைத் தனி இனம் என்று சொல்ல வேண்டுமானால், எந்த வட்டாரத்தில் எத்தனை இருக்கிறது, எடை என்ன, ஈட்டுக்கு எத்தனை முட்டை, பிள்ளைகள் தாய் தகப்பனைப் போலவே வருகின்றனவா என்றெல்லாம் கேட்பார்கள். அப்போது கோப்பையோடு எடுத்த படத்தை நீட்ட முடியாது. தாய் வகுப்பின் தாள்களை ஐந்து ஆண்டு சேர்த்து வைத்தால் அதுவே ஒரு கட்டு ஆகிவிடும். பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்தால் எடுத்துக் கொடுக்கலாம்.

என் வீட்டுக்காரர் இந்த மடலைப் படித்துவிட்டு, இதைப் போட்டால் அடுத்த கண்காட்சியில் நமக்குப் பரிசு கிடைக்காது என்றார். கிடைக்காமல் போகட்டும், போன தடவையும் கிடைக்கவில்லையே என்றேன்.

வரும் தை மாதக் கண்காட்சிக்கு நானும் வருகிறேன். மயில் நிறத்தில் ஒரு பெட்டை இருக்கிறாள், நாலு வயது, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அவளோடு அவள் பிள்ளைகள் மூன்று, ஒரு சேவல், இரண்டு வெடைக்கோழி. அதற்கு உங்களிடம் இப்போது வகுப்பு இல்லை என்று தெரியும். பந்தலின் ஓரத்தில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இல்லாமல், நாலு கூண்டு வைக்க இடம் மட்டும் ஒதுக்குங்கள். நோட்டும் கம்பும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பெட்டைகளைப் பார்த்துக்கொள்பவள்